பிள்ளையின் கைவளர்ச்சியைக் கவனியுங்கள்

பால்மரம் சீவுவது முரட்டு வேலையன்று என்பதை அதனைச் செய்து பழகியவர் அறிவர். ஒரு வெட்டில் சீவி எடுக்கப்படும் பட்டையின் கனம் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டரே இருத்தல் வேண்டும். கத்தி போதிய ஆழம் செல்லாவிடில் பால் குறையும். பட்டையைத் தாண்டி மரத்தைத் தொட்டுவிட்டாலோ காயம் விழுந்து, மீண்டும் வளரும் பட்டை மேடும் பள்ளமுமாகிவிடும். விடியுமுன், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், மரத்திற்கு மரம் நடந்து, நூற்றுக்கணக்கான மரங்களில் இந்த அளவு பிசகாமல் வெட்டுகின்ற கைக்கு அத்திறமை எங்கிருந்து வந்தது? கத்தியைக் கையிற்பிடித்த நாளில் அது தொடங்கவில்லை. தொட்டிலில் கிடந்த காலத்தில், மூடியிருந்த விரல்கள் விரியத் தொடங்கியபோதே அது தொடங்கிவிட்டது.

குழந்தை வளர்ச்சியைப் பற்றி நம் மக்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் சிலவே. பல் முளைத்ததா, தவழ்கிறதா, நடந்துவிட்டதா என்பனவே அவை. இவை தேவையான கேள்விகள்தாம். ஆனால், தரையில் கிடக்கும் ஒரு பொரியைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளி எடுக்கிறதா, இரு கைகளையும் ஒன்றுபோல் நீட்டுகிறதா என்று கேட்பவர் அரியர். குழந்தை நல மருத்துவர்களோ இக்கேள்விகளுக்கு மிகுந்த மதிப்புத் தருகின்றனர். மூளை, நரம்பு, தசை, கண் ஆகிய நான்கும் ஒத்துழைத்தாலன்றிக் கை சரிவரப் பழகாது. ஆதலால் கையின் போக்கைக் கொண்டு, கண்ணுக்குத் தெரியாத மூளையின் நிலையை ஓரளவு உணர முடிகின்றது.

விரல்கள் பழகும் வரிசை

பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் நம் விரலை வைத்தால் அது இறுகப் பற்றிக்கொள்ளும். தன்னை அடையாளம் கண்டுகொண்டான் பேரன் என்று பாட்டி மகிழ்வார். அந்த மகிழ்ச்சியை நாம் கெடுக்க வேண்டியதில்லை. எனினும் அது குழந்தை எண்ணிச் செய்வதன்று, பிறவியிலேயே அமைந்த அனிச்சைச் செயல். முதல் இரண்டு மாதங்களில் கைகள் பெரும்பாலும் மூடியே இருக்கும். 3ஆம் மாத அளவில் விரல்கள் விரிந்து, குழந்தை தன் கையைத் தானே முகத்துக்கு நேராகப் பிடித்து வியப்போடு பார்க்கும். 4, 5ஆம் மாதங்களில் கண்ட பொருளை எட்ட முயலும். 6ஆம் மாத அளவில் உள்ளங்கை முழுவதாலும் வாரிப் பற்றும். அதன்பின் ஒரு கையிலுள்ள பொருளை மறு கைக்கு மாற்றக் கற்கும். இது சிறிய செயலாகத் தோன்றலாம். ஆயினும் உடலின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றோடொன்று சேர்ந்து வேலை செய்யத் தொடங்கிவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம்.

9ஆம் மாதத்திலிருந்து 12ஆம் மாதத்திற்குள், கட்டைவிரல் நுனியும் சுட்டுவிரல் நுனியும் சந்திக்கின்றன. பின்னாளில் ஊசியில் நூல் கோப்பதற்கும், பொத்தான் மாட்டுவதற்கும், எழுதுகோல் பிடிப்பதற்கும் அடிப்படை இந்தச் சந்திப்பே. பிடிப்பதைப் போலவே விடுவதும் ஒரு வித்தையாகும். ஒரு வயதை நெருங்கும் குழந்தை, கையிலுள்ள பொருளைக் கீழே போட்டுவிட்டு எடுத்துத் தரும்படி கேட்கும். எடுத்துக் கொடுத்தால் மீண்டும் போடும். குறும்பு என்று தாய்மார் சலித்துக்கொள்கின்றனர். உண்மையில் விரல்களை வேண்டும்போது திறப்பதற்கு அக்குழந்தை பயிற்சி செய்துகொண்டிருக்கிறது. ஒரு டின்னைக் கொடுத்து அதற்குள் போடச் சொன்னால், தாய்க்கும் குனிந்து நிமிரும் வேலை குறையும், பிள்ளைக்கும் குறி பழகும்.

ஒன்றரை வயதளவில் கரித்துண்டு கிடைத்தாலும் சுவரில் கிறுக்கும். இரண்டு வயதில் ஐந்தாறு கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும். மூன்று வயதில் வட்டத்தைப் பார்த்து வட்டம் போடும். நான்கில் கூட்டல் குறியும், ஐந்தையொட்டி முக்கோணமும் கைவரும்.

வளர்ச்சியை இவ்வாறு மாதவாரியாக முதலில் வரிசைப்படுத்தியவர்களுள் குறிப்பிடத்தக்கவர், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டாக்டர் அர்னால்டு கெசல் (1880–1961) ஆவார். அவர் குழந்தைகளைத் திரைப்படமாகப் பிடித்து ஆராய்ந்தார். ஆயினும் இந்த மாதக் கணக்குகளை நாள்காட்டியைப் போல் எண்ணிக் கலங்குதல் கூடாது. உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் 816 குழந்தைகளைக் கவனித்து, 2006ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டது. நலமான குழந்தைகளுள் துணையின்றி உட்காருவது சிலருக்கு 4 மாதத்திலேயே வாய்க்கிறது, சிலருக்கு 9 மாதம் ஆகிறது. தனியே நடப்பதற்கு 8 மாதம் முதல் பதினேழரை மாதம் வரை செல்கிறது. நூற்றுக்கு நால்வர் அளவில் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலேயே நடந்துவிட்டனர். ஆகவே அடுத்த வீட்டுப் பிள்ளை 10 மாதத்தில் நடந்துவிட்டது, நம் பிள்ளை நடக்கவில்லையே என்று ஏங்குவதில் பொருளில்லை. பதினெட்டு மாதமாகியும் நடக்காத பிள்ளையை வைத்துக்கொண்டு, அதன் தாத்தாவும் தாமதமாகத்தான் நடந்தார் என்று ஆறுதல் பேசுவதே தவறு.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குக் கணக்கு வேறு. இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்துவிட்ட குழந்தைக்கு 8 மாதம் முடிந்திருந்தால், அதன் வளர்ச்சியை 6 மாதக் குழந்தையோடுதான் ஒப்பிட வேண்டும். இரண்டு வயது வரையில் இக்கணக்கையே மருத்துவர்களும் கொள்கின்றனர்.

இடக்கைப் பழக்கமா, வலக்கைக் குறையா?

இக்கட்டுரையில் வாசகர் ஒன்றையே நினைவில் வைக்க இயலுமாயின், அது இப்பகுதியாக இருக்கட்டும்.

எட்டு மாதக் குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நன்றாகச் சிரிக்கிறது, பாலுண்கிறது, எடையும் கூடியிருக்கிறது. கிலுகிலுப்பையை எந்தப் பக்கம் நீட்டினாலும் இடக்கையாலேயே வாங்குகிறது. வலப்பக்கம் நீட்டினால், உடலைத் திருப்பி இடக்கையைக் குறுக்கே கொண்டுவந்து வாங்குகிறது. வலக்கையோ, கட்டைவிரலை உள்ளே வைத்து மூடியபடி விலாவோடு ஒட்டியிருக்கிறது. வீட்டார் இதனைக் கண்டு, மாமனைப் போல இடக்கைப் பழக்கம் என்று சொல்லிச் சிரிக்கின்றனர். சிலர் இடக்கையைத் தட்டிவிட்டு வலக்கையில் பொருளைத் திணிக்கின்றனர். இருசாராரும் உண்மையைக் காணவில்லை.

ஒரு வயதிற்குள் எந்தக் குழந்தைக்கும் இடக்கைப் பழக்கமோ வலக்கைப் பழக்கமோ உறுதிப்படுவதில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது இரண்டிலிருந்து நான்கு வயதிற்குள்தான் தெளிவாகின்றது. முதல் பிறந்தநாளுக்கு முன்பே ஒரு கையை மட்டும் ஆளும் குழந்தை, அந்தக் கையைத் தேர்ந்தெடுத்துவிட்டது என்று கொள்ளலாகாது. மற்றக் கை வேலை செய்யவில்லையோ என்றுதான் ஐயுற வேண்டும். கருவிலோ பிறப்பின்போதோ மூளையின் ஒரு பக்கத்திற்கு ஊறு நேர்ந்திருந்தால், அதற்கு எதிர்ப்பக்கத்துக் கையும் காலும் விறைத்தோ வலுக்குறைந்தோ போகும். இதனை ஒருபக்கப் பெருமூளை வாதம் என்பர். கர்ப்பிணியாக இருந்தபோது தாய் கிரகணத்தைப் பார்த்தாள் என்பதோ, யாரோ கண்ணேறு பட்டது என்பதோ இதற்குக் காரணமன்று. தாயின் மீது பழி சுமத்தும் மாமியாரும், தன்மீதே பழி சுமத்திக்கொள்ளும் தாயும் இதனை அறிந்துகொள்ளுதல் நலம்.

வீட்டிலேயே இதனைச் சோதித்துப் பார்க்கலாம். குழந்தையை மடியில் நேராக உட்காரவைத்து, அது விரும்பி ஆளும் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தில் விளையாட்டுப் பொருளை நீட்டுக. மறு கை எழுந்து வந்து விரல்கள் விரிந்து பற்றுகின்றனவா என்று பார்க்க. தூக்கக் கலக்கமோ பசியோ இல்லாத நேரமாகப் பார்த்து, இரண்டு மூன்று நாள் இவ்வாறு செய்க. ஒவ்வொரு முறையும் அந்தக் கை பின்தங்கினால் அடுத்த தடுப்பூசி நாள் வரை காத்திருக்க வேண்டாம்; உடனே சுகாதார நிலையத்துக்குச் செல்க.

ஏன் இந்த அவசரம்? மூளை மிக வேகமாகத் தன்னை அமைத்துக்கொள்வது முதல் சில ஆண்டுகளில்தான். எந்தக் கை வேலை செய்கிறதோ அந்தக் கைக்குரிய நரம்புப் பாதைகள் வலுப்பெறுகின்றன. வேலை செய்யாத கையின் பாதைகள், ஆள் நடமாட்டமில்லாத காட்டுப் பாதை போல் மூடிக்கொள்கின்றன. தசைகளும் குறுகி மணிக்கட்டு மடங்கிவிடுகிறது. ஒரு வயதிற்குள் பயிற்சி தொடங்கிய கைக்கும், ஏழு வயதில் பள்ளியில் சேர்க்கும்போது கண்டுபிடிக்கப்பட்ட கைக்கும் பெரும் வேறுபாடு உண்டு.

இத்தகைய குழந்தைகளுக்கு இன்று செய்யப்படும் பயிற்சிகளுள் ஒன்று வியப்பளிப்பது. நலமான கைக்கு உறை மாட்டி, நாள்தோறும் குறிப்பிட்ட நேரம் அதற்கு ஓய்வு கொடுத்து, மெலிந்த கையை விளையாட வைக்கின்றனர். அமெரிக்க ஆராய்ச்சியாளர் எட்வர்டு டாப் என்பவரின் ஆய்வுகளிலிருந்து பிறந்த முறை இது. வாதத்தால் கை விழுந்த பெரியவர்களுக்கு முதலில் கையாளப்பட்டுப் பின்னர்க் குழந்தைகளுக்கும் பயன்படலாயிற்று. சிகிச்சையாளர் நேரமும் முறையும் வகுத்துக் கொடுத்தபின் செய்ய வேண்டியது இது. வீட்டில் நாமே துணியால் கட்டிவிட்டுப் பால்வெட்டுக்குப் போய்விடுதல் கூடாது. இப்பயிற்சி மூளையின் ஊற்றை அழித்துவிடாது. மெலிந்த கை மற்றக் கைக்கு நிகராவதும் பெரும்பாலும் இல்லை. ஆயினும் அது துணைக் கையாகும்; தட்டைப் பிடித்துக்கொள்ளும், சட்டையை இழுத்துப் பிடிக்கும், தாளை நகராமல் அழுத்திக்கொள்ளும். ஒரு மனிதன் தன் வேலையைத் தானே செய்துகொள்வதற்கு அதுவே போதுமானதாகிவிடுகிறது.

செயல்முறைச் சிகிச்சை என்பது யாது?

அரசாங்க மருத்துவமனைகளில் ‘பெமுலிஹான் சாரா கெர்ஜா’ என்றெழுதிய பலகையைப் பலர் கண்டிருப்பர். சிலர் இதனைத் தமிழில் ‘தொழில் சிகிச்சை’ என மொழிபெயர்க்கின்றனர். அதனைக் கேட்டவுடன், கைக்குழந்தைக்கு என்ன தொழில் என்று தோன்றுவது இயல்பே. செயல்முறைச் சிகிச்சை என்று சொல்வது இன்னும் பொருத்தமாகும். 1917ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இத்துறைக்கென ஒரு சங்கம் அமைக்கப்பட்டது. முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களைக் கைவேலைகளின் மூலம் தேற்றும் பணியில் அது வளர்ந்தது. ஒருவருடைய நாளை நிரப்பும் செயல்கள் எவையோ அவற்றை அவர் தாமே செய்யுமாறு ஆக்குவதே இதன் நோக்கம். பெரியவருக்கு அது உழைப்பு. குழந்தைக்கோ விளையாடுவது, உண்பது, உடுத்துவது, குளிப்பது, பிறகு எழுதுவது.

நடையையும் உடல் வலிமையையும் பேணும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் வேறு, இவர் வேறு. பல குழந்தைகளுக்கு இருவரும் தேவைப்படுவர். செயல்முறைச் சிகிச்சையாளரின் அறையைப் பார்க்கும் பெற்றோர், இது என்ன மருத்துவம், பிள்ளையோடு விளையாடிக்கொண்டிருக்கிறாரே என்று நினைப்பதுண்டு. மருந்தில்லை, ஊசியில்லை. ஆனால் அந்த விளையாட்டில் ஒவ்வொன்றும் எண்ணிச் செய்யப்படுவது. பந்தைச் சற்று உயரத்தில் வைத்தால் தோள் வேலை செய்யும். பெரிய பெட்டியைத் தூக்கச் சொன்னால் இரு கைகளும் சேரும். மாவைப் பிசைந்தால் விரல்கள் வலுப்பெறும்.

அவர் சொல்லித் தரும் உபாயங்களுள் பல, தோட்டத்து வீடுகளில் காசில்லாமல் செய்யத்தக்கவை. கரண்டியின் காம்பு மெல்லிதாக இருப்பதால் பிடிக்க இயலாத பிள்ளைக்கு, பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினால் காம்பு தடித்து வழுக்காமல் நிற்கும். தட்டு நகர்ந்தால் அதன் அடியில் ஈரத்துணி விரிக்கலாம். முதுகு நிமிராத குழந்தைக்குத் தடித்த அட்டைப்பெட்டியை வெட்டி மூலை இருக்கை செய்யலாம். உடல் நிலைகொண்டால்தான் கைகள் விடுதலை பெறும். ஆயினும், எந்தப் பிள்ளைக்கு எது பொருந்தும் என்பதைச் சிகிச்சையாளரிடம் கேட்டே செய்தல் வேண்டும். அவரைக் காண்பது மாதத்தில் ஒருமுறையோ இருமுறையோ. மற்ற நாட்களில் சிகிச்சை நடக்குமிடம் வீடேயாகும்.

தொட்டிலும் தரையும்

நலமான குழந்தைக்கும் கைப்பயிற்சி தானாக வருவதில்லை, இடம் வேண்டும். சேலைத் தொட்டிலைப் போல் குழந்தையை அமைதிப்படுத்துவது வேறொன்றில்லை. ஆனால் விழித்திருக்கும் நேரமெல்லாம் தொட்டிலுக்குள்ளேயே கிடக்கும் குழந்தை, சேலையின் மடிப்பைத் தவிர வேறெதனையும் காண்பதில்லை. கை ஊன்ற இடமுமில்லை. விழித்திருக்கும்போது பாய் விரித்துச் சிறிது நேரம் குப்புறப் படுக்க விடுக. தலையைத் தூக்கும், பிறகு முழங்கையை ஊன்றும், பின்னர் உள்ளங்கையை ஊன்றும். தோளும் மணிக்கட்டும் வலுப்பெறுவது அவ்வாறே. தூங்கவைக்கும்போது மட்டும் மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும். குப்புறத் தூங்கவைப்பது கைக்குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

சக்கரம் வைத்த வட்ட இருக்கையில் பிள்ளையை உட்காரவைத்து ஓடவிடும் ‘வாக்கர்’ பல வீடுகளில் காணப்படுகிறது. அது நடையை விரைவுபடுத்துவதில்லை. படியிலிருந்து உருண்டு விழுந்த குழந்தைகள் ஏராளம்; கனடா நாடு 2004ஆம் ஆண்டில் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. நம் முன்னோர் செய்த மூன்று சக்கர மர நடைவண்டி அத்தகையதன்று. அதில் பிள்ளை தானே எழுந்து, தானே பிடித்து, தன் காலில் நின்று தள்ளுகிறது. பழையது என்பதாலேயே அதனைக் கைவிட்டுவிட்டது நமக்கு இழப்புத்தான்.

உணவு நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்கு வயதுப் பிள்ளைக்கும் நிலாவைக் காட்டி ஊட்டிவிடும் பாட்டிமார் நம்மிடையே உளர். அன்பில் குறையில்லை, ஆனால் அந்தப் பிள்ளையின் கைக்கு அன்றாடம் மூன்றுமுறை கிடைக்க வேண்டிய பயிற்சி பறிபோகிறது. மேல்நாட்டு அட்டவணைகள் கரண்டி பிடிக்கும் வயதைக் கேட்கின்றன. நம் பிள்ளைகளோ கையால் உண்பவர். சோற்றை ஐந்து விரலாலும் கூட்டி, உருட்டி, சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோவது கரண்டியினும் கடினமான வேலையென்றே கூறலாம். ஒரு வயதிலேயே தட்டில் சிறிது சோறிட்டு அதன்முன் வைத்துவிடுக. முக்கால் பங்கு தரையில் விழும். கூட்டிப் பெருக்குவதற்குச் சோம்பினால் பிள்ளையின் கை பழகாது. ஆனால் நிலக்கடலை, ரம்புத்தான் கொட்டை முதலிய சிறு கடினப் பொருள்கள் கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

கைப்பேசியைக் கொடுத்து அழுகையை அடக்கும் வழக்கம் இப்போது எங்கும் பரவியிருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு வயதுக்குட்பட்டோருக்குத் திரையே வேண்டாமென்றும், இரண்டு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாதென்றும் கூறுகிறது. கண்ணாடியின்மேல் விரலைத் தேய்க்கும் கை, பிசையவும் திருகவும் கிள்ளவும் கற்பதில்லை.

தாதி கேட்கும்போது

நம் நாட்டில் பிறக்கும் குழந்தைக்குச் சுகாதார அமைச்சு ஒரு பதிவுப் புத்தகம் வழங்குகிறது. தடுப்பூசி விவரம், எடை, உயரம் ஆகியவற்றோடு, எந்த வயதில் எதைச் செய்கிறது என்பதனைக் குறிக்கவும் அதில் இடமுண்டு. பல வீடுகளில் அப்புத்தகம் ஊசி போட்ட தேதியைப் பார்ப்பதற்கு மட்டுமே திறக்கப்படுகிறது. தாதி, குழந்தை இதைச் செய்கிறதா, அதைச் செய்கிறதா என்று வரிசையாகக் கேட்கும்போது, எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்று தலையசைத்துவிட்டு வரும் தாய்மார் பலர். கேள்வி மலாய் மொழியில் இருப்பதால் புரியாமலிருக்கலாம். பிள்ளையை மட்டமாக எண்ணிவிடுவார்களோ என்ற கூச்சமாக இருக்கலாம். வேலைக்குத் திரும்பும் அவசரமாகவும் இருக்கலாம். எக்காரணமாயினும், அந்தத் தலையசைப்பினால் ஒரு குழந்தை ஓராண்டை இழந்துவிடக்கூடும். 18 மாதத்திலும் மூன்று வயதிலும் ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கத்துக்கான வினாத்தாள் கேட்கப்படுகிறது. அதுவும் பெற்றோரின் விடையையே நம்பியது. புரியாத கேள்வியைத் திரும்பக் கேட்க உரிமையுண்டு. பார்த்ததில்லை என்றால், பார்த்ததில்லை என்றே சொல்லலாம்.

ஐயம் தோன்றும் செயலைக் கைப்பேசியில் ஒரு நிமிடம் படம் பிடித்துக் கொண்டுசென்றால், மருத்துவருக்குப் பேருதவியாகும். புதிய இடத்தில் அழும் குழந்தை எதையும் செய்து காட்டாது.

ஆயாக் கொட்டகை உள்ள தோட்டங்களில் ஆயாவின் சொல்லுக்குத் தனி மதிப்புண்டு. பெற்றோர் இருளோடு வேலைக்குச் சென்றுவிடுகையில், பிள்ளை விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதியைக் காண்பவர் அவரே. ஒரே வயதுடைய பல பிள்ளைகளை அருகருகே காண்பதால், ஒன்று பின்தங்குவதை முதலில் உணர்பவரும் அவரே. ஆனால் பெற்றோர் வருந்துவர் என்றெண்ணி அவர் வாய்திறப்பதில்லை. அவர் சொன்னாலும் சில பெற்றோர் சினம் கொள்கின்றனர். மாலையில் பிள்ளையை வாங்கும்போது, சாப்பிட்டானா, தூங்கினானா என்று கேட்பதோடு, இன்று என்ன புதிதாகச் செய்தான் என்றும் கேட்கும் வழக்கம் ஏற்படுமாயின், ஆயா தயக்கமின்றிப் பேச வழி பிறக்கும். தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைக் காப்பகத்தைப் பற்றியும் விதிகள் கூறுகின்றது என்பதை இங்கே நினைவூட்டலாம்.

கையைத் தவிர வேறு சில அடையாளங்களும் தாமதத்தைப் பொறுக்காதவை. மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்காமை, ஓராண்டாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, பதினாறு மாதமாகியும் ஒரு சொல்லும் பேசாமை, இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாமை ஆகியன அவை. பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை இழந்தாலோ, செய்துகொண்டிருந்த செயலை மறந்தாலோ, எந்த வயதாயினும் அன்றே புறப்பட வேண்டும். பிறந்த சில நாட்களில் கடுமையாகும் மஞ்சள் காமாலை, கவனியாவிடில் மூளையையும் செவியையும் தாக்கவல்லது. ‘ஜி6பிடி’ என்னும் நொதிக் குறைவுள்ள குழந்தைகளுக்கு இந்த ஆபத்து மிகுதி. அத்தகைய குழந்தையின் துணிகளிடையே அந்துருண்டை போடலாகாது என்று தாதியர் கூறுவது இதனாலேயே. கோயிலில் நேர்ந்துகொள்வது அவரவர் நம்பிக்கை. நேர்த்திக்கடன் முடியட்டும் என்று மருத்துவமனைக்குச் செல்வதைத் தள்ளிப்போடுதல் மட்டும் வேண்டாம்.

உதவி கிடைக்கும் இடங்கள்

சுகாதார நிலையத்துக்குச் செல்வதென்றால் ஒரு நாள் சம்பளம் போகும் என்பது உண்மை. அதனைச் சிறிய இழப்பென்று சொல்லுவதற்கில்லை. ஆகையால் தடுப்பூசிக்குச் செல்லும் நாளிலேயே ஐயத்தையும் சொல்லி, மருத்துவ அதிகாரியிடமிருந்து மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் பெற்றுக்கொள்ள முயல்க. பெரிய சுகாதார நிலையங்கள் சிலவற்றில் செயல்முறைச் சிகிச்சையாளரும் உளர்.

மருத்துவமனை தொலைவிலிருப்போருக்கு மற்றொரு வாய்ப்பு, ‘பிடிகே’ என வழங்கும் சமூக மறுவாழ்வு நிலையம். 1984ஆம் ஆண்டில் திரங்கானு மாநிலத்தின் பத்து ராக்கிட் என்னும் ஊரில் தொடங்கப்பட்ட இத்திட்டம், பின்னர் நாடெங்கும் பரவியது. சமூகநல இலாகாவின் மேற்பார்வையில் இயங்கும் இந்நிலையங்களில், உடற்குறையுடைய பிள்ளைகள் அன்றாடச் செயல்களைப் பழகுகின்றனர். 2008ஆம் ஆண்டின் உடற்குறையுடையோர் சட்டத்தின்படி சமூகநல இலாகாவில் பதிந்துகொள்பவருக்கு ‘ஓகேயு’ அட்டை வழங்கப்படும். பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்கள் என்று அஞ்சிப் பதியாமலிருப்போர் உளர். அந்த அட்டையினால் அரசாங்க மருத்துவமனைக் கட்டணச் சலுகை முதலிய உதவிகள் கிடைக்கின்றன. பதியாமலிருப்பதனால் பிள்ளையின் குறை மறைந்துவிடுவதில்லை. பள்ளி வயதில், சிறப்புக் கல்வி வகுப்புகள் தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றிலும் உண்டு. சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளைப் பள்ளிகள் சேர்க்க மறுத்தலாகாது என்னும் கொள்கையைக் கல்வி அமைச்சு 2019ஆம் ஆண்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

செயல்முறைச் சிகிச்சையாளரைக் காணச் செல்லும் முதல் நாளில், பதிவுப் புத்தகத்தோடு, பிள்ளை வீட்டில் வழக்கமாக உண்ணும் தட்டு, விரும்பி விளையாடும் பொருள் ஒன்று, பொத்தான் வைத்த சட்டை ஒன்று ஆகியவற்றையும் பையில் வைத்துக்கொள்க. கூடுமாயின், பகலெல்லாம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவையோ பாட்டியையோ உடன் அழைத்துச் செல்க. வீட்டில் எப்படி உண்கிறான், எந்தக் கையால் சட்டையை இழுக்கிறான் என்றுதான் அவர் முதலில் கேட்பார்.